தொண்ணூற்றேழு சதவிகிதத் தீநாகம்

சிவகாசியில் 2011-ஆம் ஆண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பதினொன்றரை மணிக்கு நான் ஒரு தீநாகத்தைக் கொன்றேன். சும்மா சொல்லவில்லை. சாட்சிக்கு ஆள் இருக்கிறது. மதுரையில் ஒரு மருத்துவமனை இயந்திரம் என் மண்டையைத் திறக்காமலே உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, நூற்றுக்குத் தொண்ணூற்றேழு சரி என்று தாளில் அடித்துக் கொடுத்திருக்கிறது. உயிரோடிருக்கும் எழுபத்தெட்டு வயதுக்காரர்களில் இப்படியொரு சான்று வைத்திருப்பவர் வேறு யாராவது இருந்தால் எனக்குக் கடிதம் எழுதலாம்.

அப்போது எனக்கு வயது இருபத்தைந்து. காலண்டர் அச்சடிக்கும் இயந்திரத்தில் வேலை. எங்கள் அச்சகத்தில் மெய்ப்புத் திருத்தியவர் அருளப்பன் அண்ணாச்சி. அதற்கு மூன்று வருஷம் முன்னால் அவருடைய மச்சினன் சிங்கப்பூரிலிருந்து ஒரு பெட்டி கொண்டுவந்தான். உள்ளே தலையணை தண்டிக்கு ஓர் ஆங்கிலப் புத்தகம், இருபது முகமுள்ள பகடை ஒன்று. நாலு பேர் மேசையைச் சுற்றி உட்கார வேண்டும். ஒருவர் கதை சொல்வார். மற்றவர்கள் ஆளுக்கொரு வீரனாகத் தங்களை நினைத்துக்கொண்டு, அவன் என்ன செய்கிறான் என்று சொல்ல வேண்டும். அவன் நினைத்தது நடக்குமா என்பதைப் பகடை சொல்லும். இவ்வளவுதான் ஆட்டம். வெற்றி தோல்வி கிடையாது.

"இதுல கடைசியா என்னடா கெடைக்கும்?" என்று முதலாளி கேட்டார்.

"ராஜ்யம் கெடைக்கும் மொதலாளி" என்றேன். அவர் அதற்கப்புறம் ஞாயிற்றுக்கிழமைகளில் அச்சகப் பக்கமே வரவில்லை.

அருளப்பன் அண்ணாச்சிதான் கதைக்காரர். ஆங்கிலப் புத்தகத்தை ஒரு மாதத்தில் ஓரங்கட்டிவிட்டு, புகைநாடு என்று ஒரு தேசத்தை அவரே உண்டாக்கினார். அதன் வரைபடத்தை நிறம் பிசகிப்போன காலண்டர் தாள்களின் பின்பக்கத்தில் வரைந்தோம். ஒரு தாளின் முன்பக்கத்தில் நாலு நிறமும் நாலு திசைக்குப் போய், ஆறுமுகன் இருபத்துநாலு முகத்தோடு நின்றுகொண்டிருந்தார். அதன் முதுகில்தான் எங்கள் தலைநகரம் இருந்தது.

ஹாஜிரா அக்கா கணினியில் சாமிப் படங்களுக்கு நிறம் திருத்துபவர். தென்மாவட்டங்களில் பாதிப் பிள்ளையார்களின் கன்னத்துக்குச் சிவப்பு ஏற்றியது அவர்தான். ஆட்டத்தில் அவர் செம்பருத்தி, ஏழடி உயரக் கோடாலிக்காரி. நான் பூனை என்ற திருடன். நாலாவது ஆள் பொன்மாடன். அட்டை வெட்டும் இயந்திரத்தில் வேலை பார்த்தான். டீயில் ஈ கிடந்தால் ஈயிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு குடிப்பவன். ஆட்டத்தில் அவன் வேங்கையன், கேடயம் ஏந்திய வீரன். வேங்கையனாகப் பேசும்போது மட்டும் அவனுக்குத் திக்காது.

சிங்கப்பூர்ப் பகடை இரண்டாவது மாதமே இயந்திரத்தின் பல்சக்கரத்துக்குள் விழுந்து, ஒரு ஜவுளிக்கடைக் காலண்டரின் மார்ச் மாதத்தோடு கலந்துவிட்டது. பொன்மாடன் தீப்பெட்டி அட்டையை வெட்டி மடித்து இருபது முகத்தில் புதிதாக ஒன்று செய்தான். முப்பது தடவை உருட்டினால் முனை மழுங்கிவிடும். அதனால் ஒவ்வொரு ஞாயிறும் புதுப் பகடை.

இதெல்லாம் எந்த ஊரிலும் நடக்கும். நடக்காத காரியம் ஒன்று எங்களிடம் இருந்தது. அருளப்பன் அண்ணாச்சியால் எதையும் மெய்ப்புப் பார்க்காமல் விட முடியாது. போன வாரம் நடந்ததை அவர் எழுதி வருவார். ஆட்டம் தொடங்குவதற்குமுன் ஒருவர் அதை உரக்கப் படிக்க வேண்டும், மற்றவர்கள் பிழை சொல்ல வேண்டும். "ராட்சசனுக்கு வெட்டுப்பட்டது இடது கை, வலது கை இல்ல" என்று அக்கா சொல்வார். அரை மணி நேரம் சண்டை நடக்கும். கடைசியில் நாலு பேரும் ஒத்துக்கொண்டு, அடியில் கையெழுத்துப் போட்டால்தான் ஆட்டம் தொடங்கும். பதினோரு வருஷம் இப்படிக் கையெழுத்துப் போட்டோம். அந்தக் கட்டுகள் அச்சகம் மூடியபோது பழைய பேப்பரோடு போய், சாத்தூர் ரோட்டில் கடலை மடித்தன.

தீநாகம் விழுந்த நாளைச் சொல்கிறேன். கருவெள்ளி என்ற ஊரின் பாலம். கீழே நெருப்பு ஆறு. பின்னால் எழுநூறு ஜனங்கள், கைக்குழந்தைகளோடு. எதிரே நாகம். நான் பாலத்துக்கு அடியில் ஊர்ந்துபோய் அதன் அடிவயிற்றில் குத்த வேண்டும். அதுவரை யாராவது மேலே நின்று நெருப்பை வாங்க வேண்டும்.

"நான் நிக்கேன்" என்றான் பொன்மாடன்.

"இருபது விழுந்தாத்தான் பொழைப்ப" என்றார் அண்ணாச்சி. "பத்தொம்பது விழுந்தாலும் சாம்பல்தான். ஓடிப்போறதுன்னா இப்பவே சொல்லிரு, தப்பில்ல."

"எழுநூறு பேரு இருக்காகல்லா? உருட்டுதேன்."

பகடை மேசையிலிருந்து குதித்துக் கீழே ஓடியது. அண்ணாச்சி குனிந்து பார்த்தார். ரொம்ப நேரம் நிமிரவில்லை. நிமிர்ந்து, "இருபது" என்றார். நாங்கள் போட்ட சத்தத்தில் காவல்காரர் தீப்பிடித்துவிட்டது என்று நினைத்து இரண்டு வாளி மணலோடு ஓடி வந்தார். சிவகாசியில் அப்படித்தான் நினைப்பார்கள்.

இனி 2064-க்கு வருவோம்.

பொன்மாடனுக்கு மூளையில் ரத்தக்குழாய் அடைத்துக்கொண்டது. உயிரைக் காப்பாற்றிவிட்டார்கள். நினைவு மட்டும் துடைத்துவிட்ட பலகை மாதிரி ஆகிவிட்டது. பேச்சு இருந்தது, பேசுவதற்கு விஷயம் இல்லை. உள்ளே வந்த எல்லாருக்கும் வணக்கம் சொன்னான். ஐம்பத்தாறு வருஷம் கூடவே இருந்த எனக்கும் ஒரு வணக்கம் கிடைத்தது. அவன் மகள் இதழினிக்கும் அதே வணக்கம்தான். அவள் தாழ்வாரத்துக்குப் போய்ச் சுவரைப் பார்த்து நின்றுகொண்டாள். அவளுக்கு அம்மாவும் இல்லை.

டாக்டர் நித்திலா அண்ணாச்சி, அக்கா, நான் என்று எங்கள் மூவரையும் கூப்பிட்டு உட்கார வைத்தார்.

"மூளை ஒரு தோட்டம் மாதிரின்னு வச்சுக்கோங்க. மண்ணு நல்லாருக்கு, செடிதான் போச்சு. கூட இருந்தவங்களோட நினைவுல இருந்து எடுத்து ஒட்டு வைக்கலாம். முதல்ல வைக்கிறது மட்டும் அஸ்திவாரம் மாதிரி நிக்கணும். அது நின்னுட்டா அப்புறம் எதை வேணா மேல சேர்க்கலாம்."

"அதுல என்ன சிக்கல்?" என்றார் அக்கா.

"மூணு பேரோட நினைவு ஒண்ணோட ஒண்ணு தொண்ணூறு சதவிகிதம் பொருந்தணும்மா. இல்லேன்னா மூளை வெளிய தள்ளிடும். அதுவும் அடைப்பு வந்து இருபத்தோரு நாளைக்குள்ள வைக்கணும். இன்னைக்குப் பதினேழு."

"தொண்ணூறா! நூறே தாரோம்" என்றார் அண்ணாச்சி.

முதலில் பொன்மாடனின் கல்யாணத்தைக் கொடுத்தோம். மூவரும் போயிருந்தோம். தலையில் தொப்பி மாதிரி ஒன்றை மாட்டி, இயந்திரம் உள்ளே பார்த்தது. என் நினைவில் அன்று வெயில் மண்டையைப் பிளந்தது. அண்ணாச்சி நினைவில் பந்தல் ஒழுகியது. அக்கா நினைவில் பொண்ணுக்குப் பச்சைச் சேலை, என் நினைவில் பொண்ணே இல்லை, வாழைக்காய் வறுவல் மட்டும் இருந்தது. முப்பத்தொரு சதவிகிதம்.

"நான் போன கல்யாணத்துக்கு நீங்க ரெண்டு பேரும் வரவே இல்ல போலிருக்கே" என்றார் அண்ணாச்சி.

இதழினி பிறந்த நாள் இருபத்துநாலு. அச்சகத்தில் நடந்த வேலைநிறுத்தம் நாற்பது. அதில் ஒரு சின்னக் குழப்பம்: மூவர் நினைவிலும் அவரவரே தலைமை தாங்கியிருந்தோம். திருச்செந்தூர் போய் வேன் கவிழ்ந்தது, முதலாளி செத்தது, கொரோனா காலத்தில் ஒரே அறையில் அடைந்து கிடந்தது, எதுவும் ஐம்பதைத் தாண்டவில்லை. இரண்டு நாள் போயிற்று. ஒரே வாழ்க்கையை வாழ்ந்ததாக நினைத்துக்கொண்டிருந்த மூன்று கிழங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் கேன்டீனில் இட்லி தின்றோம்.

"லே தவசி" என்றார் அக்கா. தவசி நான்தான். "பாலத்தக் குடுப்போமால?"

"எந்தப் பாலம்?"

"நமக்கு எத்தன பாலம்ல இருக்கு?"

பத்தொன்பதாம் நாள் காலை இயந்திரம் பார்த்தது. டாக்டர் தாளைக் கையில் பிடித்தபடி ஓடி வந்தார். இவ்வளவு பொருத்தத்தை அவர் பார்த்ததே இல்லையாம்.

"தொண்ணூத்தேழு! ஐயா, இது எந்த ஊர்? பாலம் எரியுது, எழுநூறு பேர் நிக்கிறாங்க, அந்தப் பெரிய... அது என்ன?"

"புகைநாடும்மா."

"எந்த மாவட்டம்?"

"விருதுநகர்" என்றேன். அச்சகம் அங்கேதானே இருந்தது.

விஷயத்தைச் சொன்னதும் டாக்டர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். பிறகு தாளைத் திருப்பி, "ஒரே ஒரு இடத்துல மட்டும் மூணு சதவிகிதம் குறையுது. உங்க ரெண்டு பேர் நினைவுலயும் பகடை இருபது. அருளப்பன் ஐயா நினைவுல நாலு" என்றார்.

அண்ணாச்சி மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார்.

"நாலா?" என்றார் அக்கா. "யோவ், நாலா?"

"ஆமா."

"நாலு விழுந்தா அவன் அங்கனயே சாம்பல்லா! எழுநூறு பேரும் சாம்பல். இந்தத் தவசியும் சாம்பல். அதுக்கப்புறம் எட்டு வருசம் நாம வெளையாண்டது எல்லாம் செத்தவுக வெளையாண்டதா?"

"ஒரு கமா தப்பா விழுந்ததுக்கு நாப்பதாயிரம் காலண்டரத் திரும்ப அடிக்க வச்ச மனுசன்யா நீரு!" என்றேன் நான். எனக்கு உண்மையிலேயே கோபம். என் தீநாகமும் சேர்த்துப் போகிறதே.

"குனிஞ்சு பாத்தேன், நாலு" என்றார் அண்ணாச்சி. "மேசைக்கு அடியில இருந்தே அவன் மொகத்தப் பாத்தேன். வேலைக்குச் சேந்து ஆறு வருசத்துல அந்தப் பய மொத மொறையா நான் செய்யுதேன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கான். நிமிந்து நாலுன்னு சொல்ல எனக்கு வாய் வரலல்லா. கையெழுத்து போடும்போதெல்லாம் கை உறுத்தும். என் ஆயுசுல தெரிஞ்சே விட்ட பிழை அது ஒண்ணுதான்."

அக்கா அவரைப் பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். எழுபத்தொன்பது வயதில் அப்படிச் சிரித்தால் மருத்துவமனையில் நர்ஸ் ஓடி வருவார்கள். வந்தார்கள்.

"மூணுல ரெண்டு பேர் சொல்றதைத்தான் இயந்திரம் எடுக்கும். இருபதுதான் நிக்கும்" என்று டாக்டர் தீர்ப்புச் சொன்னார்.

இதழினிக்குச் சிரிப்பு வரவில்லை. "எங்கம்மா நினைவு இருக்கு. நான் இருக்கேன். அதையெல்லாம் விட்டுட்டு ஒரு விளையாட்டையா பெரியப்பா அவர் தலையில முதல்ல வைக்கணும்?" என்று அண்ணாச்சியைக் கேட்டாள்.

அக்காதான் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "நெசமா நடந்ததுல நாங்க ஆளாளுக்கு வேற எடத்துல நின்னுருக்கோம்மா. ஒருத்தி சேலையப் பாத்துட்டு இருந்தா, ஒருத்தன் எலையப் பாத்துட்டு இருந்தான். ஞாயித்துக்கெழமை மட்டுந்தான் நாலு பேரும் ஒரே எடத்துல இருந்துருக்கோம். நாங்க என்னம்மா செய்ய?"

"இது நின்னுட்டா அம்மா எப்ப அவர் நினைவுல வருவாங்க?" என்று இதழினி டாக்டரைக் கேட்டாள்.

"அடுத்த வாரமே ஆரம்பிக்கலாம். உங்க நினைவுல இருந்து ஒரு கிளை போதும், உங்களுக்கு ஒண்ணும் குறையாது. ஆனா..." டாக்டர் எங்கள் பக்கம் திரும்பினார். "அஸ்திவாரத்துக்குக் கிளை பத்தாது. வேரோட எடுக்கணும். கொடுத்தவங்ககிட்ட அது இருக்காது. அந்த ஒரு நாள் மட்டும் இல்ல, அதோட பின்னிக் கிடக்கிற அத்தனை ஞாயித்துக்கிழமையும் அவருக்குப் போயிடும்."

"அச்சகம்?"

"அது இருக்கும். ஆட்டம் ஆடினோம்னு தகவலாத் தெரியும். உள்ளே என்ன நடந்ததுன்னு இருக்காது."

நாங்கள் மூவரும் வெளியே வேப்பமரத்தடிக்குப் போனோம். எனக்கு வாழ்க்கையில் சொல்லிக்கொள்ளும்படி நடந்தது அது ஒன்றுதான். மற்றதெல்லாம் அச்சடித்தது. ஆனால் அண்ணாச்சியின் நிலைமை இன்னும் மோசம். நான் அங்கே குடியிருந்தவன், அவர் அதைப் படைத்தவர். ஐம்பது வருஷம் மற்றவர்கள் எழுத்தைத் திருத்தியவர் தானாக எழுதியது அந்தத் தேசம் மட்டும்தான்.

"என்ன அண்ணாச்சி சொல்லுறீக?" என்றேன்.

அவர் உதிர்ந்து கிடந்த வேப்பம்பழம் ஒன்றை எடுத்து நசுக்கினார். பிறகு, "குடுத்தா அந்த நாலும் என் மண்டைய விட்டுப் போயிருமா?" என்று கேட்டார்.

"போயிரும்னுதான் சொல்லுதாக."

"அப்ப வாங்கலே. சுத்தமான பிரதி ஒண்ணாவது இருக்கட்டும்."

ஒரு படிவம் நிரப்ப வேண்டியிருந்தது. நடக்காத சம்பவத்தை ஒட்டு வைக்கச் சட்டத்தில் இடம் இல்லையாம். 'சம்பவம்' என்ற இடத்தில் அண்ணாச்சி தன் முத்துமுத்தான எழுத்தில், 'பொன்மாடன் தன் நண்பர்களுக்காகத் தனியே நின்றது' என்று எழுதினார். 'இடம்': அச்சகத்தின் பின்னறை. 'சாட்சிகள்': மூவர். டாக்டர் படித்தார், யோசித்தார், இதில் பொய் எதுவும் இல்லையே என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார். கீழே இதழினியும் போட்டாள்.

வலி ஒன்றும் இல்லை. தொப்பியை மாட்டினார்கள், கழற்றினார்கள். வீட்டில் எதையோ பூட்டாமல் வந்துவிட்டது போல இருந்தது. இருபதாம் நாள் பொன்மாடனுக்கு ஒட்டு வைத்தார்கள். இருபத்தோராம் நாள் மதியம் அவன் கண் விழித்தபோது கட்டிலைச் சுற்றி நின்றோம்.

அவன் வணக்கம் சொல்லவில்லை. அதுவே எனக்குப் போதுமாக இருந்தது. எங்களை ஒவ்வொருவராகப் பார்த்து, "செம்பருத்தி, பூனை, கதைக்காரரு" என்றான். நாங்கள் மூவரும் யாரைச் சொல்கிறான் என்று விழித்தோம்.

பிறகு தவிப்போடு எழுந்து உட்காரப் பார்த்தான். "அந்தப் பாலத்துல ஒரு ஆளு நின்னானே, கேடயத்தோட. அவன் எங்க? அவனக் கூப்பிடுங்க. நான் அவன ஒரு தடவ பாக்கணும்."

படிவத்தில் எழுதியது தெரியும், பாலம் என்ற பேச்சும் தெரியும், அதில் யார் நின்றது என்ற காட்சிதான் எங்களிடம் இல்லை. அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவனுக்குக் கிடைத்திருப்பது எங்கள் மூன்று பேர் கண்ணில் பட்டது. அவன் தன்னையே வெளியிலிருந்து பார்த்திருக்கிறான், மூன்று பக்கத்திலிருந்தும்.

இதழினிதான் குனிந்து சொன்னாள். "அது நீங்கதாம்ப்பா."

"நானா?" அவன் சிரித்துவிட்டான். "நீ யாரும்மா, வெவரம் தெரியாம பேசுத. அவன் பயமில்லாத ஆளு. மூணு பேரும் அவன எப்படிப் பாத்துட்டு நின்னாக தெரியுமா? அப்படி ஒருத்தன் நம்மளப் பாக்கணும்னா எத்தன சென்மம் வேணும்!"

"நீங்கதான். நான் உங்க மக."

பொன்மாடன் அவளைப் பார்த்தான். பிறகு தன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அந்த நேரம் பார்த்து நர்ஸ் ஒரு கிண்ணத்தில் கஞ்சி கொண்டுவந்து வாய்ப்பக்கம் நீட்டினார்.

"இது வேண்டாம்" என்றான். திக்கவில்லை. "எம் மக வந்துருக்கா. ரெண்டு பேருக்கும் தோச கொண்டாங்க."

இதழினி வாயைப் பொத்திக்கொண்டாள். அவள் அப்பா ஒன்றை வேண்டாம் என்று சொல்லி அவள் நாற்பது வருஷத்தில் கேட்டதில்லையாம்.

அடுத்த வாரம் அவளுடைய அம்மா அவனுக்குள் வந்தாள். பிறகு வீடு வந்தது, வாசலில் நின்ற சைக்கிள் வந்தது, திருச்செந்தூர்க் கடல் வந்தது. எல்லாம் பாலத்துக்கு மேலே ஒவ்வொன்றாக நின்றன. கல்யாணத்தன்று மழையா வெயிலா என்பதில் மட்டும் அவனுக்கும் சந்தேகம் இருக்கிறது.

இப்போது நீங்கள் என்னைப் பிடித்துவிட்டீர்கள் என்று தெரியும். வேரோடு கொடுத்தவன் பாலத்தையும் எழுநூறு ஜனத்தையும் எப்படி இவ்வளவு நேரம் வர்ணித்தேன் என்று கேட்கிறீர்கள். நியாயம்தான். அதெல்லாம் பொன்மாடன் சொல்லிக் கேட்டது. அந்த நாலு மட்டும் மருத்துவமனையில் என் காதாலேயே கேட்டது. ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு இதழினி வீட்டு மாடியில் கூடுகிறோம். அவன் புகைநாட்டுக் கதையைச் சொல்கிறான். நாற்பத்தைந்து வருஷத்துக்கு முன்னால் ஆடி முடித்த ஆட்டத்தை நாங்கள் மூவரும் முதல்முறையாகக் கேட்கிறோம். அருளப்பன் அண்ணாச்சி நாற்காலி நுனியில் உட்கார்ந்து, "எவன்டா இத யோசிச்சவன்? பெரிய ஆளுல்லா!" என்று வியக்கிறார். நாங்கள் சொல்வதில்லை. சொன்னால் அடக்கம் வந்து அப்புறம் ரசிக்கமாட்டார்.

ஒரே ஒரு குறை. இவன் சொல்வதில் எது உள்ளது, எது சேர்த்தது என்று பார்க்க ஆளில்லை. போன வாரம் உப்புப் பாலைவனத்தில் ஒரு வெள்ளாட்டைப் பார்த்துவிட்டு நான் மரத்தில் ஏறி இரண்டு நாள் இறங்கவில்லை என்று சொன்னான்.

"இருக்காது" என்றேன். "நான் அப்படிப்பட்ட ஆளில்ல. பாலைவனத்துல ஏதுல மரம்?"

"நீ பாத்தியா?" என்றான் பொன்மாடன்.

நான் மற்ற இருவரையும் பார்த்தேன். அவர்கள் என்னைப் பார்க்கவே இல்லை.

"அவன் கெடக்கான், மரத்துலயே இருக்கட்டும்" என்றார் ஹாஜிரா அக்கா. "நீ சொல்லு மாடா. ஆடு என்ன செஞ்சுச்சு?"